முக்குத் திரும்பறப்ப வர்ற சத்தம்

பெல்லு அடிச்சுப் பிரயோசனம் இல்லீங்க தம்பி. அந்தக்காவுக்குக் காது கேக்காது. பெல்லை அமுத்துனா ஹால்ல ஒரு பல்பு எரியற மாதிரி பையன் மாட்டி உட்டிருக்கறான். ஆனா சாந்தாமணியக்கா இந்நேரத்துக்கு அடுப்படியில இருக்கும், ஹால்ல பல்பு எரிஞ்சா ஆருக்குத் தெரியப் போகுது. இப்படி வந்து உக்காருங்க. அந்த ஸ்டூல்ல மாவுக் கறை இருக்கும், காஞ்ச கறைதான், வேட்டியில ஒட்டாது. தரணி வர்ற நேரந்தான். முந்தியெல்லாம் அவன் முக்குத் திரும்பறப்பவே இங்க தெரிஞ்சுரும். இப்ப எங்க தெரியுது. கேட்டுக்கிட்ட வந்து நின்னாத்தான் வந்துட்டான்னே தெரியுது. சரி, உக்காருங்க.

வெளியூருங்களா? பொள்ளாச்சிப் பக்கமா. நெனைச்சேன்.

எதுக்கு வந்திருக்கறீங்கன்னு நான் கேக்கலீங்க. கேக்க வேண்டியதும் இல்ல. சலவைச் சட்டை போட்டுக்கிட்டு, எதிர்வீட்டுக் கேட்டுக்குள்ள எட்டி எட்டிப் பாத்துட்டு, எங்கிட்ட வந்து 'தரணிதரன் வீடு இதுங்களா, ஆளு எப்படீங்க'ன்னு கேட்டா எதுக்குன்னு தெரியாம இருக்க நான் என்ன நேத்துப் பொறந்தவளா. இந்த வீதியில பொண்ணு வீட்டுக்காரங்க ஆரு விசாரிக்க வந்தாலும் மொதல்ல என்ற ஜன்னல்லதான் வந்து நிப்பாங்க. மாவு வாங்க வந்த மாதிரியே நிப்பாங்க. கவரைக் கையில வாங்கீட்டு, மெதுவா, 'எதிர்ல இருக்கற பையன் எப்படீங்க்கா'ம்பாங்க. இங்க உக்காந்து பத்திருபது வருசமா மாவு ஆட்டறேன். எனக்குத் தெரியாம இந்த வீதியில ஒரு கல்யாணம் தெகைஞ்சதில்லீங்க. கணேசபுரத்து வாத்தியார் மகளுக்குக்கூட நான் சொன்ன சொல்லுலதான் மாப்பிள்ளை அமைஞ்சுது. நீங்க மாவு வாங்கற வேசமெல்லாம் போடல. நேரா கேட்டீங்க. அது எனக்குப் புடிச்சுது.

தாய்மாமனுங்களா? நீங்க தலையாட்டறதைப் பாத்தா தாய்மாமன்தான். தாய்மாமன் வந்து விசாரிக்கறதுதான் மொறை. போன தடவை ஒரு சித்திக்காரி வந்தா பாருங்க, அவ விசாரிச்ச லட்சணம், போலீஸ் ஸ்டேசன் தோத்துது. அதை உடுங்க.

இந்தத் தடவை நான் ஒரு முடிவு பண்ணி வெச்சிருக்கறேன். ஆரு வந்து கேட்டாலும் நல்லதை மட்டுந்தான் சொல்லோணும்னு. கெட்டது இருந்தாத்தானே சொல்றதுக்கு, இல்லையே. கேட்டுக்கங்க. பையன் தங்கம். பம்ப் கம்பெனியில மிசினுக்குக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக் குடுக்கற வேலை. குடி இல்ல, சீட்டு இல்ல. அம்மாளைக் கண்ணு மாதிரி பாத்துக்குவான். பேசறப்ப அந்தக்கா மொகத்துக்கு நேரா வந்து நின்னு, வாயை நல்லாத் தெறந்து, மெதுவாப் பேசுவான். அவங்கப்பன் போனதுக்கப்பறம் அந்த வீட்டுல சண்டைன்னு ஒரு சத்தம் வந்ததில்ல. அவ்வளவுதானுங்க. இதுக்கு மேல நான் ஒரு வார்த்தை பேசறதா இல்ல. கோனியம்மன் மேல சத்தியமா.

என்னங்க? காரா?

வெச்சிருக்கறான். செவப்புக் காரு. நீங்க கெட்டிக்காரருங்க, பையனை உட்டுப்போட்டுக் காரைக் கேக்கறீங்க. வண்டியை வெச்சிருக்கற அழகுலயே ஆளைக் கண்டுபிடிச்சுரலாம்னு பாக்கறீங்க. தப்பில்ல. ஞாயித்துக்கிழமையானா வெடியாலயே அதைக் கழுவ ஆரம்பிச்சுருவான். வீல் சந்துக்குள்ள பழைய பல் தேய்க்கற பிரஸ்ஸை உட்டுத் தேய்ப்பான். குளிப்பாட்டறதுன்னா பெத்த புள்ளையைக்கூட ஒருத்தரும் அப்படிக் குளிப்பாட்ட மாட்டாங்க.

சத்தமா? ஆரு சொன்னா உங்களுக்குச் சத்தத்தைப் பத்தி?

இல்லீங்க, நான் பேசறதில்லைன்னு சொன்னனே. சத்தம் ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு 'ப்ஸ்ஸ்'. அவ்வளவுதான். இரு அம்மிணி, ஒரு கிலோவா, தோசைக்கா இட்லிக்கா? இட்லின்னா அந்தத் தூக்கை எடு, அது வெடியால ஆட்டுனது. சில்லறை அப்பறம் குடு, போ. இவ ஒருத்தி, காலேஜ் போற புள்ள, இவளும் அந்தக் காரு போனா திரும்பித் திரும்பிப் பாப்பா. பாத்தா என்ன, அதுக்கு அவன் என்ன பண்ணுவான். தலையை நிமித்த மாட்டான்.

சரி, நீங்களா கேட்டுட்டீங்க. அரையுங்கொறையுமாத் தெரிஞ்சுட்டுப் போறதுக்கு முழுசாவே கேட்டுட்டுப் போயிருங்க. காரு வாங்குன புதுசுல எல்லாருக்கும் போற மாதிரிதான் போச்சு. போன வருசம் ஆடியில என்னமோ ஒண்ணு வாங்கி மாட்டுனான். அன்னைக்கு நான் சாம்பாருக்குப் பருப்பு வெச்சிருந்தேன். வீதியில 'ப்ஸ்ஸ்'னு ஒரு சத்தம். குக்கர் மூடி பிச்சுக்கிட்டுதுன்னு உள்ள ஓடுனா குக்கர் சும்மா உக்காந்திருக்குது. மறுநாளும் அதே. மறுநாளும் ஓடுனேன். மூணாவது நாளுதான் பாக்கறேன், இவன் காரு. முக்குல திரும்பறப்ப ஒண்ணு, முருங்கை மரத்துக்கிட்ட ஒண்ணு. என்ற வயசுக்கு நான் தெனமும் ஓடிக்கிட்டே இருக்க முடியுங்களா?

போயி நின்னுட்டேன் கேட்டுக்கிட்ட. 'ஏன்டா, இந்தக் காரு என்ன, பாம்பு வளக்கறயா உள்ள'ன்னு கேட்டேன். வீதியே வந்து பாத்துது. வேற ஒருத்தனா இருந்தா, 'உங்க சோலியைப் பாருங்க'ம்பான். இவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா, சிரிச்சுப்போட்டு, 'வாங்க பெரியம்மா, காட்டறேன்'னு கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி பானட்டைத் தூக்கி உட்டான். நான் எதுக்குப் பாக்கோணும்? ஆனா பாத்தேன்.

உள்ள ஒரு விசிறி இருக்குதுங்களாமா. டர்போன்னான். எஞ்சின் புகை போற வேகத்துலயே அது சுத்துமாம், சுத்தி வெளிக்காத்தை அமுத்தி அமுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளுமாம். காத்து எச்சா போனா வண்டி வெசையா போகும். சரி, போச்சு. இப்ப கியர் மாத்தறதுக்கு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கறான். எடுத்ததும் எஞ்சினுக்குப் போற வாசல் சாத்திக்கும். ஆனா விசிறி நிக்குமா? அது பாட்டுக்குக் காத்தைத் தள்ளிக்கிட்டே இருக்குது. வாசல் சாத்திருச்சு, வந்த காத்து எங்க போகும்? அதுக்குத்தான் ஒரு வால்வு. டப்புன்னு தெறந்து அந்தக் காத்தை வெளிய உட்டுரும். அதுதான் 'ப்ஸ்ஸ்'. கம்பெனியில குடுத்த வால்வும் அதையேதான் செய்யுமாம், ஆனா காத்தை வெளிய உடாம, வந்த குழாய்க்கே சத்தமில்லாமத் திருப்பி உட்டுருமாம். 'அப்ப அதையே வெச்சுக்க வேண்டியதுதானடா, இதை எதுக்கு மாட்டுன'ன்னேன். 'கேக்கறதுக்கு நல்லா இருக்குது பெரியம்மா'ன்னான். அவ்வளவுதான். நல்லா இருக்குதாம். அவங்கம்மாளுக்குக் கேக்காது. ஆருக்குங்க நல்லா இருக்குது? நான்தான் கேக்கறேன் தெனமும்.

அதோட உட்டிருக்கலாம். என்னை வண்டியில ஏத்தி நீலாம்பூர் பைபாஸ் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனான், சத்தத்தைப் புரிஞ்சுக்கங்கன்னு. எனக்குப் புடிக்கவே இல்லீங்க. சொல்றேன் கேளுங்க, ரெண்டாவது கியர்ல ஏறுதுங்க, ஏறி ஏறி ஊய்ய்ய்ங்குது, நம்ம முதுகு சீட்டுக்குள்ள போயிருது, காலை எடுக்கறான் பாருங்க, 'ப்ஸ்ஸ்'. மூணாவது, மறுக்கா ஊய்ய்ய், மறுக்கா 'ப்ஸ்ஸ்'. ஒரு லாரிக்காரன் அப்படியே ஓரம் கட்டிட்டான். எனக்குக் கொஞ்சங்கூடப் புடிக்கல. திரும்பி வர்றப்ப மறுபடி ஒருக்கா அதே மாதிரி ஏத்தச் சொன்னேன், சரியாப் புரியோணும்ல.

அப்பப் பாடம் நடத்துன மாதிரி சொல்லிக் குடுத்தான். 'பெரியம்மா, காலை எடுத்ததும் ஒரே மூச்சா ப்ஸ்ஸ்னு வந்து நின்னா வால்வு நல்லா இருக்குதுன்னு அர்த்தம். வண்டி ஏறறப்ப உள்ள ஸ்ஸ்ஸ்ஸ்னு இழுத்துக்கிட்டே இருந்தா எங்கயோ குழாய் உட்டுருச்சு, காத்து ஒழுகுது. காலை எடுத்ததும் துத்துத்துத்துன்னு பொறா கத்தற மாதிரி வந்தா, வால்வு தெறக்கல, காத்து போக வழியில்லாமத் திரும்பி வந்து விசிறியையே அடிக்குது. சில பேரு அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டே அப்படி வெச்சுக்குவாங்க, ஆனா நாள்பட்டா விசிறி கெட்டுப் போயிரும்'னான். எனக்கு மனப்பாடம். கிரைண்டர் கல்லு சுத்தறதைக் கேட்டு மாவு பதத்தைச் சொல்றவளுக்கு இதென்ன பெரிய விசயமா.

அப்பறம் ஒரு நாளு மத்தியானம் எனக்குத் தலை சுத்தி, இந்த ஜன்னல்லயே உக்காந்தாப்புல சாஞ்சுட்டேன். பிரஷரு. அன்னைக்கு அவனுக்கு லீவு. தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்தப் பாதி மயக்கத்துலயும் நான் காதைத் தீட்டி வெச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். ஒரு 'ப்ஸ்' வரணுமே? இங்கிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் வரல. கால்ல முட்டையைக் கட்டிக்கிட்டு ஓட்டற மாதிரி ஓட்டுனான். என்ற மகன் ஓசூர்ல இருந்து வர்ற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தான். என்ற மகன் மறுநாள் பொழுதோடதான் வந்தான், லீவு கெடைக்கோணும்ல அவனுக்கு. நான் என்ன சொல்றேன்னா, சத்தமில்லாம ஓட்டத் தெரியுமல்ல இவனுக்கு? அன்னைக்கு ஓட்டுனவன் தெனமும் அப்படி ஓட்டுனா என்னங்கறேன். அதைத்தான் நான் கேட்டேன். அதுல என்ன தப்பு?

இதைத்தானுங்க முந்தி விசாரிக்க வந்தவங்ககிட்டயும் சொன்னேன். பொய் பேசற பழக்கமே எனக்குக் கெடையாது. மாவுல தண்ணி ஊத்தறதும் கெடையாது, பேச்சுல ஊத்தறதும் கெடையாது. மொத எடம் பெருந்துறை. நல்ல குடும்பம். 'பையன் எப்படீங்க்கா'ன்னாங்க. தங்கம்னேன். 'ஆனா ஒண்ணு, அவன் காரு வீதிக்குள்ள வந்தா எனக்குப் படபடன்னு வரும்'னேன். எனக்கு வர்றதைத்தானே சொன்னேன். அவங்க பொறவு வரல. சாதகம் சேந்திருக்காது. ரெண்டாவது எடம் தாராபுரம். அவங்ககிட்ட, வெசையாப் போனாத்தான் அந்தச் சத்தம் வரும், லாரிக்காரனே ஓரம் கட்டுனான்னு சொன்னேன். வண்டி எவ்வளவு நல்லா இழுக்கும்னு அவங்களுக்குத் தெரியட்டும்னுதான். அவங்களுக்கு வேற எடம் அமைஞ்சிருக்கும். மூணாவதுதான் அந்தச் சித்திக்காரி. 'ஞாயித்துக்கெழமை என்ன பண்ணுவாரு'ன்னு கேட்டா. 'காரோடதான் குடும்பம் நடத்துவான், கட்டிக்க வர்றவ அந்தப் பல் பிரஸ்ஸைப் பாத்துத்தான் பொறாமைப் படோணும்'னேன். தமாசுக்குச் சொன்னது. அவ சிரிக்கவே இல்ல. சிரிக்கத் தெரியாத குடும்பத்துல அவன் போயி மாட்டாம இருந்ததே நல்லதுதானுங்க.

என்னங்க பண்றது, அந்தந்த நேரம் வரோணும். பொண்டாட்டின்னு ஒருத்தி வந்துட்டா இவன் நேரா வீட்டுக்குப் போயிருவான். போகட்டும், அதுதானே மொறை. இப்பன்னா கம்பெனி உட்டு வர்ற வழியில வண்டியை நிறுத்தி இங்க ஒரு எட்டு வந்துட்டுத்தான் போவான். வருவான்னா, வந்துக்கிட்டு இருந்தான். மாவு வாங்கற சாக்குல நீங்க உக்காந்திருக்கறீங்களே, அதே ஸ்டூலு. ஏதாச்சும் பேசுவான். கிரைண்டர் பெல்ட் லூஸா இருந்தா இறுக்கிக் குடுப்பான்.

நிறுத்திப்போட்டான். நானா வேண்டாம்னேன்? ஒரு நாளு வந்தான், உக்காரல. ஜன்னலுக்கு வெளியவே நின்னு, 'பெரியம்மா, வந்தவங்ககிட்ட என்ற காரைப் பத்தி ஏதாச்சும் சொன்னீங்களா'ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என்னை என்ன நெனைச்சுட்டான்? 'நானா, நான் எதுக்குடா சொல்றேன், உன்ற காரு சத்தம் போடறது ஊருக்கே தெரியுது, நான் வேற சொல்லோணுமா'ன்னேன். 'புரோக்கர் சொன்னாரு'ன்னான். 'புரோக்கரு பேச்சைக் கேப்பயா, பெரியம்மா பேச்சைக் கேப்பயா'ன்னேன். அப்படியே திரும்பிப் போயிட்டான். அன்னைக்கு ராவுக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க. செய்யாத தப்புக்கு ஒருத்தன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனா வலிக்குமா வலிக்காதா? சொல்லுங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை பானட்டைத் தூக்கி வெச்சுக்கிட்டு என்னமோ பண்ணிக்கிட்டிருந்தான். திங்கக்கிழமை பொழுதோட காரு வருது, சத்தமே இல்ல. வால்வைக் கழட்டி, பழைய கம்பெனி வால்வையே மாட்டிப்போட்டான். நான் கேட்டது அதுதானே, சந்தோசப்படோணுமல்ல? சந்தோசம்தான். ஆனா பாருங்க, எனக்கு நேரமே தெரியாமப் போச்சு. முந்தி 'ப்ஸ்'னு கேட்டா, சரி, தரணி வந்துட்டான், விளக்கு வெக்கலாம்னு எந்திரிப்பேன். எந்திரிச்சு வர்றதுக்குள்ள முருங்கை மரத்துக்கிட்ட ரெண்டாவது 'ப்ஸ்' வந்துரும். அந்தச் சத்தத்தை வெச்சே எனக்குத் தெரியும், கம்பெனியில எவங்கூடயாச்சும் சண்டைன்னா வெடுக்குன்னு காலை எடுப்பான், சத்தம் கட்டையா வரும். நல்ல நாளுன்னா நீட்டமா வரும். இப்ப ஒண்ணும் தெரியறதில்ல. வந்தானா வல்லையான்னு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தே காலு வலிக்குது. போன வாரம் அரிசி மாவுல உளுந்து மாவை ரெண்டு தடவை ஊத்திப்போட்டேன், இட்லி பஞ்சு மாதிரி இருந்துச்சுன்னு ஒருத்தி வந்து பாராட்டீட்டுப் போறா.

இதுல இப்ப புதுசா ஒண்ணு. இந்த ஒரு வாரமாக் கேக்கறேன், முக்குல திரும்பறப்ப துத்துத்துத்து. மொதல்ல மின்கம்பத்துப் பொறான்னு நெனைச்சேன். காதைக் குடுத்துக் கேட்டா, கார்ல இருந்துதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஒரு வருசத்துக்கு மேல மூலையில கெடந்த வால்வு, இறுகிப் போயிருக்கும், தெறக்க மாட்டேங்குது. காத்து திரும்பி வந்து விசிறியை அடிச்சுக்கிட்டு இருக்குது. அவனே சொன்னதுதானே எனக்கு. 'தரணி, துத்துத்துங்குதுடா, பாரு'ன்னு இந்த ஜன்னல்ல இருந்து கத்துனேன். காதுல வாங்காத மாதிரி போயிட்டான். அம்மாளுக்குக் கேக்காது, மகன் கேக்க மாட்டான். விசிறி போச்சுன்னா வண்டியே போச்சாமே. நான் என்னத்தைப் பண்ணுவேன், போயி பானட்டைத் தூக்கட்டுமா?

அதனால நீங்க உங்க அக்கா வீட்டுல சொல்றப்ப இப்படிச் சொல்லுங்க. பையன் தங்கம். சத்தம் போட்டுக்கிட்டிருந்த காரைக்கூடச் சத்தமில்லாமப் பண்ணிட்டான். அவ்வளவு அடக்கம்னு சொல்லுங்க. நீங்க மட்டும் சரின்னு சொல்லீட்டுப் போங்க, பொறவு அவன் இங்க வந்து நிப்பான் பாருங்க. 'பெரியம்மா, நீங்க சொல்லித்தான் தெகைஞ்சுதாமா'ன்னு வந்து இந்த ஸ்டூல்ல உக்காருவான். உக்காரோணும். எனக்கு வேற என்ன வேணும்.

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? இன்னும் காப்பித் தண்ணிகூடக் குடுக்கலையே. ஃபோன்ல என்ன காட்டறீங்க? இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். இது தரணி காரு. நம்ம வீதியிலதான் புடிச்சிருக்குது, என்ற வீட்டுச் செவுருகூட ஓரத்துல தெரியுது. இவன் காரு படம் உங்க ஃபோனுக்கு எப்படி வந்துச்சு?

விக்கறதுக்குப் போட்டிருக்கறானா.

அப்ப உங்க அக்கா பொண்ணு? அக்காவே இல்லீங்களா. சரி. காரு பாக்கவா வந்தீங்க. இத்தனை நேரம் நான் பேசிக்கிட்டே இருக்கறேன், நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? ஆமா, நான் எங்க உட்டேன். ஆளு எப்படீன்னு கேட்டது, இன்னொருத்தன் ஓட்டுன வண்டியை வாங்கறப்ப நம்பிக்கையான ஆளான்னு தெரிஞ்சுக்கவா. சரியாப் போச்சு.

எதுக்கு விக்கறானாமா? அந்தக் காருன்னா உசுரு அவனுக்கு.

என்னங்க?

ஆருக்குக் கல்யாணம்?

தையிலயா. ஃபோன்ல அவனே சொன்னானா. கல்யாணத்துக்கப்பறம் சத்தமில்லாத வண்டி ஒண்ணு போதும்னானா. ஓகோ.

தெரியுங்க. தெரியாம என்ன. எதிர்வீட்டுல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியாமயா இருக்கும். இந்த வீதியில எனக்குத் தெரியாம... தெரியுங்க. நாளு குறிச்சதுதான் எனக்குச் சரியா நெனைப்பு வரல, அதனாலதான் கேட்டேன். அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க இந்தப் பக்கம் விசாரிக்க வரல பாருங்க, அதனால பேரு கீரு சட்டுன்னு வாயில வரமாட்டேங்குது. வேற வழியா விசாரிச்சிருப்பாங்க. கம்பெனியில விசாரிச்சிருப்பாங்க. இங்க வர வேண்டாம்னு ஆராச்சும் சொல்லியிருப்பாங்க. சொல்லட்டும். நல்லபடியா முடிஞ்சுதுல்ல, அது போதும்.

இருங்க, கிரைண்டரை நிறுத்திப்போட்டு வர்றேன். மாவு ஓடிக்கிட்டே இருக்குது.

எங்க கெளம்பறீங்க? நான் துத்துத்துத்துன்னு சொன்னதுக்கா? விசிறி கெட்டுப் போன வண்டியை வாங்கி நீங்க என்ன பண்றதுன்னா? அட, உக்காருங்க தம்பி. உக்காருங்கன்னா. அது காரு இல்லீங்க. என்ற கிரைண்டரு. பெல்ட்டு லூஸாப் போயி ஒரு வாரமா அப்படித்தான் துத்துத்துங்குது. இறுக்கிக் குடுக்க ஆளில்ல. நான்தான் ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிட்டேன். பாருங்க, நிறுத்துனேனே, இப்பக் கேக்குதா? இல்லையல்ல? வயசாச்சு தம்பி, எந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு இப்பெல்லாம் எனக்குத் தெரியறதில்ல.

பொய்யா? நான் எதுக்குங்க உங்ககிட்டப் பொய் சொல்லப் போறேன்.

சும்மா இருங்க. பேசாதீங்க ஒரு நிமிசம். கேளுங்க.

ப்ஸ்ஸ்.

கேட்டீங்களா? முக்குல திரும்பிட்டான். மாட்டீட்டானுங்க, அந்த வால்வையே மறுபடி மாட்டீட்டான். என்ன, நீங்கதான் கேட்டீங்களா? சத்தத்தோடதான் வேணும்னு நீங்க சொன்னதுக்கு மாட்டிக் கொண்டாறேன்னானா. அப்ப உங்களுக்காகத்தான். சரி, ஆருக்காகவோ. உடையாம வந்துச்சு கவனிச்சீங்களா? ஒரே மூச்சு. துத்துங்கற பேச்சே இல்ல. இப்ப முருங்கை மரத்துக்கிட்ட ஒண்ணு வரும் பாருங்க, அங்க பள்ளம், காலை எடுத்தே ஆகோணும்.

ப்ஸ்ஸ்ஸ்.

நீட்டமா வந்துச்சு. சந்தோசமா இருக்கறான்.

போங்க, போயிப் பாருங்க. பானட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க, நல்லா சொல்லிக் குடுப்பான். சந்தேகமா இருந்தா உங்க மெக்கானிக்கைக் கூட்டியாந்துகூடப் பாருங்க, அவன் தப்பா நெனைக்க மாட்டான். பைபாஸ் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாங்கீட்டுப் போங்க. வாங்காமப் போயிராதீங்க. இங்க உக்காந்திருந்தீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி. இந்தப் பக்கட்டுச் சந்துல சுத்திப் போயி, இப்பத்தான் வர்ற மாதிரி கேட்டுல நில்லுங்க.

ஒரு நிமிசம். வெலையெல்லாம் பேசி முடிச்சுக் கெளம்பறப்ப, பேச்சோட பேச்சா அவங்கிட்ட ஒண்ணு கேளுங்க. பொண்ணு எந்த ஊருன்னு. என்ன படிச்சிருக்குது, எப்படி, நல்ல மாதிரியான்னு. கேட்டுப்போட்டு இந்த ஜன்னல் பக்கமாவே வண்டியைக் கொண்டாங்க. மாவு வாங்கற மாதிரி நில்லுங்க, போதும். நான் சாத்தாம உக்காந்திருக்கறேன்.

நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாமுங்க.